சாயம் போன கடல்

போன வாரம் நாலு நாள் விடாத மழை. சாக்கடை தெருவுக்கு ஏறி வந்து, வீடு வீடாகப் படியேறி நலம் விசாரித்துவிட்டுப் போனது. ஐந்தாம் நாள் காலையில் நகராட்சி ஆள் ஒருவர் பிளீச்சிங் பவுடரை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு வந்து, கோலமாவு தூவுகிற மாதிரி தூவிக்கொண்டே போனார். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் மட்டும் வாசலில் நின்று இழுத்து இழுத்து மூச்சு விட்டேன்.

"இன்னாங்க, சாக்கடைய மோந்துகினு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

அது சாக்கடை இல்லை, எங்கள் கடல் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஐம்பத்திரண்டு வயசு ஆம்பளை சாக்கடை ஓரம் நின்று கண் கலங்கினால் ஊரில் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.

ஆரணிக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்தாலே பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், வந்தவாசி போகிற ரோட்டில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் ஓர் அரிசி மில் முதலாளி கடல் கட்டினார். பிளீச்சிங் பவுடர் மணக்க மணக்க அலை அடிக்கும் குளம், சறுக்குக் குழாய், ரங்கராட்டினம், சிமெண்ட் யானை. பெயர் 'குதூகலம்'. அந்தப் பெயர் ஊரில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. 'குத்துக்கல் பார்க்' என்று மாற்றிக்கொண்டார்கள். பஸ் கண்டக்டர் "குத்துக்கல்லு எறங்கு, ஜல்தி ஜல்தி" என்றுதான் கத்துவார். முதலாளி கடைசி வரைக்கும் அதற்கு வருத்தப்பட்டார்.

என் முதல் வேலை அங்கேதான். பழைய ஸ்டாஃப் எல்லாம் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். காலை வணக்கமும் முழங்கால் வலி மருந்துமாக ஓடிக்கொண்டிருந்த குரூப் அது. பிளீச்சிங் பவுடர் போட்ட அதே நாள் மத்தியானம் தேவன் ஒரு வீடியோ போட்டான். தேவன் அந்தக் காலத்தில் அலை மிஷின் ஓட்டியவன். அவன் பொத்தானை அமுக்கினால்தான் கடல் வரும். வீடியோவில் குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. சறுக்குக் குழாய்க்குள் முள் முளைத்திருந்தது. யானைக்குத் தும்பிக்கை இல்லை. வாசல் வளைவில் அஞ்சு எழுத்தில் நாலு விழுந்துவிட்டது. மிச்சம் நிற்பது இரண்டாவது எழுத்து மட்டும்.

'தூ'.

அடுத்த நிமிஷம் ஜாபர் பாய் குரல் பதிவு அனுப்பினார். கேன்டீன் நடத்தியவர். "டேய், நம்பள பாத்து துப்புதுடா அது! இத்தினி வருசம் அடக்கி வச்சிகினு இப்ப துப்புது!"

எல்லாரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். இடத்தை மனை போட்டு விற்கப்போகிறார்களாம், கல் நட ஆள் வந்துவிட்டதாம் என்று தேவன் சொன்னான். அவ்வளவுதான், சண்டை ஆரம்பித்தது. பார்க் எதனால் செத்தது என்று.

தேவன் சொன்னான்: "ரங்கராட்டினத்த எடுத்துட்டு, தலகீழா தொங்க வுடுற ரைடு ஒண்ணு வச்சான் பாரு, அன்னிக்கே போச்சு. சோறு துன்னுட்டு வந்தவன் எவன் அதுல ஏறுவான்?"

"ரைடு இல்லடா," இது பாய். "வெளிச் சோறு கூடாதுன்னு கேட்டுல தூக்குப்பானைய புடுங்குனான். புளிச்சோத்த புடுங்குன எடத்துக்கு எந்தப் பொம்பள திரும்பி வருவா?"

"பாய், உன் கேன்டீன் ஓடணும்னுதான புடுங்குனாங்க!"

"நானே அழுதேன்டா அன்னிக்கி! அல்லா மேல சத்தியம்."

இப்படியே சாயங்காலம் வரைக்கும். பிறகு தேவன் என்னைக் கூப்பிட்டான். குரூப்பில் என் பெயர் 'மைக்கு'. "டேய் மைக்கு, நீ சொல்லு. மேல ஒக்காந்துகினு மொத்தத்தையும் பாத்தவன் நீதான். ஏன் போச்சு?"

நான் டைப் அடித்தேன், அழித்தேன். அடித்தேன், அழித்தேன். அதை உங்களிடமாவது சொல்கிறேன்.

வீட்டில் நான் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தேன். முதலாளியிடம் நான் கேட்டதும் அதைத்தான். கிடைத்தது ஜோக்கர் வேலை. குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கோபுரம், மேலே தகரக் கூண்டு, கூண்டுக்குள் நான், ஒரு மைக், ஒரு சங்கு சுவிட்ச். தலையில் கோமாளித் தொப்பி, மூக்கில் சிவப்பு பந்து. அலை வருவதற்கு முன்னால் சங்கு ஊதவேண்டும், ஜனங்களைச் சிரிக்க வைக்கவேண்டும். மூக்கில் பந்து மாட்டினால் சளி பிடித்தவன் குரல் வரும். அந்தக் குரலுக்கே பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். மீதிப் பாதிக்குத்தான் நான் உழைத்தேன். வீடு போகும்போது மூக்கைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பேனாவை வெளியே தெரிகிற மாதிரி குத்திக்கொள்வேன். சூப்பர்வைசர் ரெடி.

அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். வந்தவாசி, தெள்ளார், தேசூர் என்று வேன் வேனாக வரும். பெண்கள் புடவையோடுதான் இறங்குவார்கள். அலை வந்ததும் முந்தானைகள் எல்லாம் ஒன்றாக மேலே மிதக்கும். கூண்டிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியாது, துணிதான் தெரியும். சமையலறைக்கு வெளியே சிரித்தே பார்த்திராத பெண்கள் ஒருத்தி தலையை ஒருத்தி அமுக்கிக்கொண்டு கத்துவார்கள். அந்தச் சத்தம் கூண்டின் தகரத்தில் வந்து மோதும். ஞாயிற்றுக்கிழமைகளில் தகரம் அதிரும். அந்த அதிர்வை நான்தான் உண்டாக்கியதாக எனக்கு ஒரு நினைப்பு.

என் அக்கா வசந்தா தறியில் உட்காருகிறவள். எனக்கு எட்டு வயசு மூத்தவள். கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள் எல்லாரும் பட்டு கட்டுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அக்கா நெய்த புடவைகள் எந்தெந்த ஊர்க் கல்யாணத்திலோ நடமாடின. அவளிடம் ஒரு பட்டும் கிடையாது. ஒரு தடவை, சாயம் சரியாக நிற்காத நூல் வந்துவிட்டது. அரக்குச் சிவப்பு. நெய்து முடித்த பிறகுதான் கையில் ஒட்டுவது தெரிந்தது. தறி முதலாளி பார்த்துவிட்டு, "இது விக்காது, நீயே கட்டிக்கோம்மா" என்று விட்டுவிட்டார். ஒரு குறை இருந்ததால் அவளுக்குக் கிடைத்த பட்டு அது. அதை எடுத்து எடுத்துப் பார்ப்பாள், கட்டமாட்டாள். கட்டிக்கொண்டு போக ஓர் இடம் வேண்டுமே.

"டேய், உன் பார்க்குக்கு ஒரு நாள் கூட்டிகினு போடா" என்பாள்.

"ஆபீஸ்ல பேசறேன்க்கா. பாஸ் வாங்கணும்" என்பேன். பாஸ் கேட்டால் அன்றைக்கே கொடுப்பார்கள். என் மூக்கை அவள் பார்த்துவிடக் கூடாது. விஷயம் அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பெண்கள் வேன் எடுத்தார்கள். அக்காவும் ஏறிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. திடீரென்று வந்து நிற்கலாம் என்று ஆசை போல. கட்டிக்கொள்ள ஓர் இடம் வந்துவிட்டது என்று அந்த அரக்குப் பட்டுப்புடவையையும் கட்டிக்கொண்டாள்.

சாயம் நிற்காது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதனால் குளத்தில் இறங்கவில்லை. கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள். சாயத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாதது இல்லை. அலையைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. கரையில் உட்கார்ந்தால் நனையமாட்டோம் என்று நம்புவதற்கு ஆரணியில் பிறந்திருக்கவேண்டும்.

எனக்கு அன்றைக்குக் கூட்டத்தைப் பார்த்துக் குஷி. சங்கை ஊதிவிட்டு, "தேவா, இன்னிக்கு பெருசா வுடு!" என்று மைக்கிலேயே சொன்னேன். அவன் விட்டான். அலை கரையைத் தாண்டி ஏறி இறங்கியது. அது இறங்கின இடத்தில் தண்ணீர் சிவந்தது. யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று முதலில் பயந்தேன். அப்புறம் பார்த்தால் ஓர் அரக்குப் புடவை. எழுந்திருக்க முடியாமல் வழுக்கி வழுக்கி ஒரு பெண் தடுமாறுகிறாள். அவளைச் சுற்றி சிவப்பு விரிந்துகொண்டே போகிறது. கூண்டிலிருந்து தலைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அக்கா வீட்டில் இருக்கிறாள் என்றுதான் எனக்கு நினைப்பு. என்னுடைய நல்ல காலம் என்றுகூட அப்போது நினைத்தேன். ஜோக்கருக்கு இப்படி ஒரு விஷயம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும்.

"ஆரணிக்காரங்க கவனத்துக்கு! சாயப்பட்டறை வேற எடத்துல கீது, இது குளிக்கற எடம்! அந்த அரக்குப் பொடவ அம்மா, இன்னாமா இது, கடலுக்கே சாயம் ஏத்துறியா? பட்டுனு சொல்லி உன் தலைல கட்டிட்டாங்களா? பாருங்க ஜனங்களே, யாரு சாயம் வெளுக்குதுனு நல்லா பாருங்க!"

தகரம் அதிர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி அதிர்ந்ததில்லை.

அந்தப் பெண் தலையைத் தூக்கிக் கூண்டைப் பார்த்தாள். சளிக் குரலாக இருந்தால் என்ன, கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா?

படியிறங்கி ஓடினேன். தெருப் பெண்கள் அவளைச் சுற்றித் துண்டு பிடித்து நின்றார்கள். முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். சிமெண்ட் தரையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. எதிரில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

"மூக்க எட்றா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று வாசல் ஓரமாகச் சைக்கிளோடு நின்றிருந்தேன். ஜன்னல் வழியாக அப்பா கேட்பது காதில் விழுந்தது. "பையன பாத்தியா? இன்னா வேல பண்றான்?"

"பெரிய வேலதான்பா" என்றாள் அக்கா. "அவன் சொன்னாதான் கடலே வருது."

இதை எழுதும்போதும் அந்த வாக்கியத்தை என்னால் ஒரே மூச்சில் தாண்ட முடியவில்லை.

அன்றைக்குக் குளத்து நீரை மொத்தமாகத் திறந்துவிட்டார்கள். வெள்ளை டைல்ஸ் இடுக்கில் ஏறிய சிவப்பு போகவே இல்லை. முதலாளி கொதித்துப்போய் மறுநாளே போர்டு வைத்தார். இனிமேல் புடவையோடு இறங்கக் கூடாது, பார்க்கில் தருகிற நைலான் உடுப்பைத்தான் போடவேண்டும். அதை மைக்கில் அறிவித்ததும் நான்தான். கையும் காலும் தெரிகிற அந்த உடுப்பைப் பார்த்து, "ஐயே, அந்தக் கர்மத்த போட்டுகினு யாரு எறங்குவா?" என்று பெண்கள் வேலி ஓரமாகவே நின்றார்கள். வெயிலில் நின்று பிள்ளைகளுக்குப் பை பிடித்தார்கள். எங்கே போகலாம் என்று வீட்டில் முடிவு பண்ணுவது அவர்கள். அவர்கள் வருவது நின்றதும் தூக்குப்பானை நின்றது, அப்புறம் வேன் நின்றது. கடைசியில் வந்தது விடலைப் பசங்களும் அவர்களின் பாட்டிலும்தான். ரைடை மாற்றியதும் சோற்றைப் பிடுங்கியதும் அதற்குப் பிறகு. செத்தவனுக்கு ஊசி போட்ட கதை.

ஒரு ஜோக்கால் ஒரு பார்க் சாகுமா? சாகாது என்று எனக்கும் தெரியும். முதலாளிக்கும் கடன் உடன் ஏதாவது இருந்திருக்கும். ஆனால் குரூப்பில் தேவன் இன்றைக்கும் எழுதுகிறான்: "டேய் மைக்கு, அந்த செவப்புப் பொடவ டயலாக் ஒண்ணு போதும்டா, உன் பேர் சொல்ல!" அது யார் என்று அவனுக்குத் தெரியாது. அவன் மிஷின் ரூமில் இருந்தான்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். ரெண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். கல்யாணம் ஆகவே இல்லை. தறியை விட்டு வருஷக்கணக்காகிறது, கண்ணுக்குச் சரிப்படவில்லை. மற்றபடி புத்தி கத்தி மாதிரி. நான் எந்த நாள் எதற்குப் பொய் சொன்னேன் என்று தேதியோடு சொல்வாள். டீ கொடுத்தாள். வீடியோவைக் காட்டினேன். தூர வைத்து, கிட்ட வைத்துப் பார்த்தாள்.

"யக்கா, அன்னிக்கி நீ பார்க்குக்கு வந்த இல்ல... அந்த அரக்குப் பொடவ..." என்று ஆரம்பித்தேன். முப்பது வருஷமாகக் கேட்காத மன்னிப்பு. நேற்றாவது கேட்டுவிடலாம் என்றுதான் போயிருந்தேன்.

"எந்தப் பார்க்கு?"

"குத்துக்கல்லு பார்க்குக்கா. நான் மைக்குல..."

"நானா? நான் எங்கடா வந்தேன்?" என்றாள் நிதானமாக. போனை என்னிடம் நீட்டினாள். "நீதான் ஆபீஸ்ல பேசறேன் பேசறேன்னு கூட்டிகினு போவவே இல்லியே."

முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கூண்டிலிருந்து பார்த்த மாதிரியே இருந்தது.

"டீ ஆறுது, குடி" என்றாள்.

குடித்தேன். அந்த நாளை அவள் எடுத்துப் பிழிந்து, அலசி, சொட்டு நிறம் இல்லாமல் காயப்போட்டு எத்தனை காலமானதோ. மன்னிப்பு கேட்க அந்த நாள் வேண்டும், அது அவளிடம் இல்லை. வரவே இல்லை என்கிறவளிடம் எதற்கு என்று கேட்பது? சங்கு ஊதியாவது சமாளிக்கலாம் என்றால் சங்கும் இல்லை.

வரும் வழியில் தெருவில் பிளீச்சிங் பவுடர் வாசனைகூட இல்லை. மத்தியானத்துத் தூறலில் கரைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் தேவன். வியாழக்கிழமை பொக்லைன் வருகிறதாம். குளத்தை மண் போட்டு மூடிவிடுவார்களாம். வாசல் வளைவையும் இடிக்கிறார்களாம்.

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். உண்மையைச் சொன்னது அந்த ஒற்றைத் 'தூ'தான். அதையாவது விட்டு வைத்திருக்கலாம்.