ஒரு பேர் சொல்லுங்க

நார்மன் ப்ளம்கின் என்ற பெயரைக் கேட்டாலே எங்கள் ஊரில் உதவிப்பணம் கேட்டு வருகிறவர்கள் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துச் சரிபார்ப்பார்கள். இத்தனைக்கும் மனிதர் குள்ளம். குரலும் பெரிதாக ஒன்றுமில்லை. காலமெல்லாம் கம்பளக் கடை வைத்திருந்தவர். வாடிக்கையாளர் கம்பளத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பதற்குள் தானே புரட்டிக் காட்டி, "முன்பக்கத்தை யாரு வேணும்னாலும் அழகாப் பண்ணுவான்" என்று சொல்லி விற்றவர். வந்த விண்ணப்பங்களையும் அப்படித்தான் பின்பக்கத்திலிருந்து படிப்பார்.

ஒஹாயோவில், ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். இலையுதிர் காலத்தில் எங்கள் யூதக் கூட்டமைப்பு வீடு வீடாகப் போன் போட்டு நன்கொடை திரட்டும். பனி உருகும் நேரத்தில் பங்கீட்டுக் குழு உட்கார்ந்து அதைப் பிரித்துக் கொடுக்கும். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், கோடை முகாம், வீட்டோடு கிடக்கிறவர்களுக்கு யூத முறைப்படி சமைத்த கோஷர் சாப்பாடு கொண்டுபோகும் வண்டி என்று எல்லாரும் அந்த ஒரே பானையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள். நான் கூட்டமைப்பின் சம்பளக்காரி. பேகல் ரொட்டி வாங்கி வருவது, காபி போடுவது, பேசுவதைக் குறிப்பெடுப்பது என் வேலை. எனக்கு ஓட்டு கிடையாது. கருத்து நிறைய உண்டு, யாரும் கேட்பதில்லை.

நார்மன் அந்தக் குழுவில் எப்போது சேர்ந்தார் என்று யாருக்கும் நினைவில்லை. நான் வேலைக்கு வந்தபோதே ஜன்னலோரம் அதே நாற்காலியில் இருந்தார். யார் வந்து என்ன படம் காட்டினாலும் கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"இந்தப் பணம் இல்லேன்னா யாருக்குக் கஷ்டம்? ஒரு பேர் சொல்லுங்க."

யாராலும் சொல்ல முடியாது. உதவி வாங்குகிறவர் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்களிடம் கண்டிப்பான வழக்கம். அது நார்மனுக்கும் தெரியும். தெரிந்தே கேட்பார். "பேரே இல்லாத ஆளுக்கு எப்படிங்க பசிக்கும்?" என்று கூடவே ஒன்று போடுவார். ஒரு வருடம் கோடை முகாம் நடத்தும் பெண் அழுதேவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது நார்மனை முறைக்கவும் செய்தேன். அவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்ததால் வீணாய்ப் போனது.

எழுந்து போகும் விதியைக் கொண்டுவந்தவரும் இவர்தான். ஒரு காலத்தில் முதியோர் இல்லத்தின் கொதிகலன் குளிர்காலத்தில் இருமிக்கொண்டிருக்க, நீச்சல் குளத்துக்குப் புது ஓடு பதிக்கப் பணம் ஒதுக்கினார்களாம். ஓட்டுப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தக் குளத்தில்தான் குதித்துக்கொண்டிருந்தார்கள். நார்மன் கொதித்துப்போய் ஒரு விதி எழுதினார். ஓர் அமைப்பை நடத்துகிறவர், அங்கே வேலை செய்கிறவர், இவர்களுக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், அந்த அமைப்பின் பேச்சு வரும்போது அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். மிச்சம் இருக்கிறவர்கள் எத்தனை பேரானாலும் அவர்கள் ஓட்டே முடிவு.

நல்ல விதிதான், நியூயார்க்கில். எங்கள் ஊரில் யாருக்கு யார் சொந்தமில்லை? பள்ளிக்கூடம் என்றால் நாலு பேர் எழுந்து போவார்கள். முதியோர் இல்லம் என்றால் அந்த நாலு பேர் உள்ளே வருவார்கள், வேறு ஐந்து பேர் வெளியே போவார்கள். கதவு ஓய்வதே இல்லை. காபி கையில் வாசலில் மோதிக்கொண்டு, கம்பளத்தில் கொட்டி, அதற்கும் நார்மனிடம் திட்டு வாங்குவார்கள்.

நார்மன் மட்டும் எழுந்ததே இல்லை. பிள்ளைகள் கிடையாது. எந்த அமைப்பிலும் பதவி ஏற்கமாட்டார். அமைப்புகளை நேரில் பார்க்கப் போகும்போது ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஜெபக்கூடத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டு வண்டிக்குச் சமைக்கும் ஸெல்டா வருடா வருடம் நூடுல்ஸில் செய்யும் கூகல் பலகாரத்தைச் சுடச்சுட நீட்டுவாள். குழுவே தட்டு தட்டாக உள்ளே தள்ளும். இவர் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "சாப்பிட்டா அப்புறம் எப்படிம்மா கேள்வி கேக்கறது?" என்பார். "சாப்பிடலேன்னாலும் நீங்க ஒழுங்காக் கேக்கப்போறதில்ல" என்பாள் ஸெல்டா.

அவரை அதட்டக்கூடிய ஒரே ஆள் மனைவி எலேன். அவள் இறந்ததும் நார்மன் இளைத்துப்போனார். கோட்டு இரவல் வாங்கியதுபோல் தொங்கியது. கண்ணும் மங்கி, கார் ஓட்டுவதை விட்டார். பல் டாக்டர் லெவென்தால்தான் கூட்டங்களுக்கு அழைத்து வருவார். உடம்பைக் குறைக்கிறார் போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். இவ்வளவு புத்திசாலிகள் ஒரே குழுவில் இருப்பது அபூர்வம்.

அந்த வருடம் வசூல் படுத்துவிட்டது. எங்காவது வெட்டியாக வேண்டும். சாப்பாட்டு வண்டி திங்களும் புதனும் போகிறது, புதனை நிறுத்தினால் கணக்கு சரியாகிவிடும் என்று ஒரு யோசனை எழுந்தது. அதை ஓட்டுக்கு விடுமுன் ஸெல்டாவின் சமையலறையைப் பார்க்கப் போனோம். நார்மன் வழக்கம்போலக் கையைப் பைக்குள் விட்டபடி நின்றார். ஆனால் பெயர் கேட்கவில்லை. "கேரட்டை இவ்வளவு குழைய விடக்கூடாதும்மா" என்றார். ஸெல்டா கரண்டியை ஓங்கிக்கொண்டு, "வாயில வைக்காமலே குறை சொல்ற ஒரே ஆள் நீங்கதான்" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை குழு கூடியது. தலைவி ராஸ் டெய்ச், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கேட்டால் இன்னமும் வரிசையில் நிற்கத் தோன்றும் குரல்.

"அடுத்தது சாப்பாட்டு வண்டி. புதன்கிழமை தொடரணுமா, நிறுத்தணுமா? சம்பந்தம் இருக்கறவங்க எழுந்திருங்க."

அவளே எழுந்தாள். ஸெல்டா அவள் நாத்தனார். லெவென்தால் எழுந்தார். அவர் மனைவி மார்ஷாதான் புதன்கிழமை வண்டி ஓட்டுகிறாள். ஒருவரின் அண்ணன் கோழி கொடுக்கிறவர். இன்னொருவரின் மகள் டப்பா கட்டுகிறாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. கடைசியில் உள்ளே மிஞ்சியது நார்மனும், ஓட்டில்லாத நானும், அரை டஜன் பேகலும்தான்.

"ப்ளம்கின் ஒருத்தர் கையில விட்டுட்டுப் போறோமே. தீர்ந்துது புதன்கிழமை" என்று வாசலில் லெவென்தால் முணுமுணுத்தது கேட்டது.

நார்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு அவரும் வெளியே போனார். குறிப்பெடுக்க ஆளே இல்லாத அறையில் நான் என்ன செய்வது? பின்னாலேயே போனேன்.

"அதுக்குள்ள வெட்டியாச்சா?" என்றார் லெவென்தால். "எங்க கடையிலகூடப் பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி மருந்து போடுவோம்யா."

"ஓட்டுப் போடலை. எனக்கும் சம்பந்தம் இருக்கு. நானும் வெளியதான் நிக்கணும்."

"உனக்கா? உனக்கு ஏது சொந்தக்காரங்க?"

"சொந்தமில்ல."

"அப்ப வண்டி ஓட்டறியா? கண்ணு தெரியாம என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போன ஆளு நீ. கடவுளே, மார்ஷாவுக்குத் தெரியுமா?"

"மார்ஷாவுக்குத் தெரியும்" என்றார் நார்மன்.

அவ்வளவுதான் சொன்னார். லெவென்தாலின் சிரிப்பு பாதியில் நின்றது. மார்ஷா புதன்தோறும் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள் என்பதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. "முப்பது வருஷமா அவகிட்ட ரகசியமே தங்காதுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, செய்வதறியாமல் நார்மனின் கோட்டுக் காலரைச் சரிசெய்தார். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. உடம்பைக் குறைக்கிறாராம்!

ராஸ் அதிகம் யோசிக்கவில்லை. "நார்மன், உள்ள போ."

"விதி இருக்கு, ராஸ்."

"உன் விதியை நானும் படிச்சிருக்கேன். நடத்தறவங்க, வேலை செய்யறவங்க, அவங்க சொந்தக்காரங்க. சாப்பிடறவங்க வெளிய போகணும்னு அதுல எங்க இருக்கு?"

"எழுதலை" என்றார் நார்மன். "சாப்பிடறவன் இந்த மேசையில வந்து உக்காருவான்னு எனக்குத் தோணவே இல்ல, ராஸ்."

"எங்க யாருக்கும் தோணலை. அதனாலதானே எல்லாரும் அந்த விதிக்குக் கையைத் தூக்கினோம். இப்ப வந்து உக்காந்திருக்கான் இல்ல? போகச் சொல்லு அவனை உள்ள."

"என் சாப்பாட்டுக்கு நானே கை தூக்கறதா? அசிங்கமா இருக்கும்."

"இருக்கும்" என்றாள் ராஸ். "நீ கேட்ட கேள்விக்கெல்லாம் முன்னாடி நின்னவங்களுக்கும் அப்படித்தான் இருந்துது. போ."

நார்மன் உள்ளே போனார். நானும் போய் எதிரில் உட்கார்ந்தேன். கதவுக் கண்ணாடியில் எட்டு முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஜன்னலோர நாற்காலியை விட்டுவிட்டு, பணம் கேட்டு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், ரொம்ப நேரம்.

"இந்தப் புதன்கிழமைச் சாப்பாடு இல்லேன்னா யாருக்குக் கஷ்டம்?" என்று காலி நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டார். எந்தக் குரலில் எல்லாரையும் கேட்பாரோ அதே குரல்தான். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வரவில்லை.

"எழுதிக்கோம்மா" என்றார். "ப்ளம்கின். நார்மன் ப்ளம்கின்."

"பேர் எழுதக்கூடாதுங்க. வழக்கமில்ல."

"என் பேரு. நான் சொல்லலாம். எழுது."

எழுதினேன். கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் முயலவில்லை. நார்மன் கையைத் தூக்கினார். தோள்வரைதான் தூக்கினார், ஆனாலும் தூக்கினார். புதன்கிழமை தொடரும் என்று எழுதிவிட்டு, பேனாவை மூடினேன்.

"மூடாத, இன்னும் முடியலை" என்றார் நார்மன். "அந்தக் கேரட்டைப் பத்தியும் ஒரு வரி எழுது."