மகளுக்கு வந்த மின்னஞ்சல்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். பரீட்சைக்கு முன்பே இடம் தரும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். முடிவு வரும் நாளன்று, அவள் பள்ளிக்கூடம் போனபின் அவளுடைய மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். இடம் கிடைக்கவில்லை. பரீட்சை நேரத்தில் அவள் மனம் உடைந்துவிடுமே என்று அந்த மின்னஞ்சலை அழித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் அவளிடமே சொன்னேன்.

"தெரியும் அப்பா. அண்டைக்குக் காலமை பஸ்ஸுக்குள்ளயே போன்ல பாத்திட்டன். நீங்கள் கவலைப்படுவீங்கள் எண்டுதான் சொல்லேல்ல."

"கோவமே பிள்ளை?"

"கொஞ்சம். இனி என்ர மெயிலைத் திறக்காதேங்கோ. மார்க்ஸ் வந்தாப்பிறகு திரும்பவும் அப்ளை பண்ணலாம். ஐ ஆம் ஓகே."

சொல்லிவிட்டுப் படிக்கப் போனாள். நான் காப்பாற்ற நினைத்த பிள்ளை, மூன்று நாளாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.