குடும்பத் தலைவரை நீக்கினால்

அலுவலகத்தில் அவளை நாங்கள் சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரிகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை. பதிவுக்கும் பதிவுக்கும் உள்ள உறவு அறுந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தானே புரோகிராம் எழுதுவாள். அது ஒரு பொய்க் குடும்பத்தை உருவாக்கும், குடும்பத் தலைவரின் பதிவை அழிக்கும், அவரைச் சார்ந்தவர்களின் பதிவு எதுவும் அநாதையாகத் தொங்கவில்லையே என்று பார்க்கும். தொங்கவில்லை என்றால் திரையில் பச்சை. "ஒரு அநாதைகூட கிடையாது, கிளம்புங்க" என்று எங்களை விரட்டுவாள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

போன மாதம் அவளுடைய அப்பா, எங்கள் மென்பொருள் ஓடும் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நேற்று அவள் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், பேச்சு குழறியது. அதே ஆஸ்பத்திரிக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு போனோம்.

"ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு ஊசி ஒத்துக்காது. பேரு அப்பாவுக்குத்தான் தெரியும். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும், டாக்டர்."

வரவேற்பு மேசையில் இருந்த பெண் தேடிப் பார்த்தார். "அப்படி யாருமே இல்லீங்களே."

"வருஷக்கணக்கா இங்கதாங்க வர்றாங்க."

"அப்பா பேர்லயும் போட்டுப் பார்த்துட்டேன். அவர் இறந்ததும் பதிவை நீக்கியிருக்காங்க. அந்தக் குடும்பமே இல்லைங்க."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அநாதைப் பதிவே இருக்கக் கூடாது என்பதற்காக, தலைவரை அழித்தால் சார்ந்தவர்களும் சேர்ந்து அழியும்படி எங்கள் ஆட்கள் எழுதியிருந்தார்கள். அது பிசகாமல் வேலை செய்கிறது என்று பச்சை காட்டியவள் இவள்தான்.

அலுவலகத்துக்குப் போன் போட்டு, பழைய நகலிலிருந்து அம்மாவின் பதிவைத் தோண்டி எடுக்கச் சொன்னோம். மருந்தின் பெயர் வந்தது. டாக்டர் அதைக் கேட்டதும், தட்டில் தயாராக இருந்த ஊசியைத் திருப்பி அனுப்பினார்.

அம்மா தூங்கியதும் நேராக வரவேற்பு மேசைக்குப் போனாள். "இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?"

"அடிக்கடி ஆகுங்க. வீட்டுக்காரர் இறந்தப்புறம் வர்ற அம்மாக்களுக்குப் பழசு எதுவும் இருக்காது. புதுசா பதிஞ்சிடுவோம்."

"ஒத்துக்காத மருந்துன்னு ஒரு இடம் இருக்குமே, அதுல என்ன போடுவீங்க?"

"எதுவும் இல்லைன்னுதான் போடுவோம்."