சின்னவளின் தொண்டை

மூத்த மகனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்றுதான் பெயர். சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பேசியதில் குரல் நன்றாகத் திறந்துகொண்டது. அந்தக் குரலை நம்பித்தான் பிரார்த்தனைக் கூடத்தில் வாராவாரம் வேதம் வாசிக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். மேடை ஏறுவாள், புத்தகத்தைத் திறப்பாள், கண் கலங்குவாள், கடகடவென்று ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு இறங்குவாள். வீட்டில் ஒரு தடவை படித்துப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"மனசுல பக்தி இருந்தா வாயில தானா வரும்" என்பாள்.

பிறகு கொழுந்தனுக்கு மனைவியாகச் சின்னவள் வந்தாள். செருப்புக் கடையில் வேலை. அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது; வாசிக்கும்போதுதான் குரல் எழும்பும். பெரியவள் காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் சின்னவளை வாசிக்கச் சொன்னார்கள். கூடமே அசையாமல் கேட்டதாம். பெரியவளுக்கு அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் காய்ச்சல் விட்ட பிறகும் விடவில்லை.

அதிலும் சின்னவள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதே பயிற்சி செய்வாள். ஒரே வரியை ஒரு தடவை இங்கே நிறுத்தி, ஒரு தடவை அங்கே நிறுத்தி, திருப்பித் திருப்பிச் சொல்வாள். கீழே பாத்திரம் தேய்க்கும் பெரியவளுக்குக் காதில் ஊசி குத்துவது போல இருக்கும்.

"சாமிக்கு முன்னாடி படிக்க ஒத்திகை பாக்கறா பாருங்க, நாடகக்காரி" என்றாள் கணவனிடம்.

"நல்லாத்தான படிக்கறா" என்றான் அவன். அன்றைக்கு அவனுக்கு ஆறிப்போன சாப்பாடுதான் கிடைத்தது.

கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. திறப்பு நாளில் சின்னவள் வாசிக்கட்டும் என்று முடிவானபோது பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டு மண்டியிட்டாள். "ஆண்டவனே, அவளுக்குத் தொண்ட கட்டிக்கணும். உசுருக்கு ஒண்ணும் ஆக வேணாம், தொண்ட மட்டும்." அவ்வளவு கெட்டவள் இல்லை அவள்.

கேட்டது கிடைத்தது. திறப்புக்கு முந்தின நாள் சின்னவள் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. பெரியவளுக்கு முதலில் பயம், அப்புறம் தலைகால் புரியாத சந்தோஷம்.

சின்னவளுக்குப் பதிலாக மேடை ஏறிய பெரியவள் வழக்கம்போலக் கண் கலங்கினாள், வழக்கம்போல ஓட்டினாள். முன்வரிசையில் சின்னவள் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் கூடவே உதட்டை அசைத்தாள். பெரியவள் பாய்ந்து கடந்த இடங்களில் அந்த உதடுகள் நின்றன. அதைப் பார்த்த பெரியவளுக்கு வரி தடுமாறியது. பாதிக் கூடம் இருமிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், கூடத்தில் உட்கார்ந்து கேட்ட மாமியார் கூப்பிட்டார். கண் பார்வை போய்ப் பல வருடம் ஆகிறது. வேதம் அவருக்குக் காது வழியாக மட்டும்தான்.

"நீ படிச்சது காதுல விழுந்துச்சும்மா. என்ன சொல்லியிருக்குன்னுதான் புரியல. சின்னவ படிச்சா புரியும்."

பெரியவளுக்குப் பற்றி எரிந்தது. மாமியார் யாருக்கும் பரிந்து பேசுகிறவர் அல்ல. அதனால் இன்னும் எரிந்தது. இத்தனை வருடமும் இந்தக் கிழவி வெறும் சத்தத்தைக் கேட்டுவிட்டா வீடு திரும்பினாள்?

மறுநாள் சமையலறையில் சின்னவள் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தாள்.

"இத எப்படிப் படிக்கணும்னு காட்டு. வாயத் தொறக்காத, காட்டுனா போதும்."

சின்னவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அத்தோடு போயிருக்கும். பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரலால் தட்டினால் மூச்சு வாங்க வேண்டும், அழுத்தினால் நிற்க வேண்டும். பெரியவள் வாசித்தாள், சின்னவள் அழுத்தினாள், பெரியவள் நின்றாள். தொண்டை கட்டியும் இவள்தான் நமக்கு மேலே என்று உள்ளுக்குள் பொருமினாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

திரும்பத் திரும்ப வாசித்ததில் கடைசியாக ஒரு தடவை பகுதி முழுக்கச் சீராக வந்தது. அறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"சின்னவளே, தொண்ட சரியாயிடுச்சாம்மா?"

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள்.

"நான்தான் அத்த படிச்சேன்" என்றாள் பெரியவள்.



"அப்ப இன்னொரு தடவ படி" என்றார் மாமியார்.