இரண்டு மாதம் என்று சொன்ன அறை

பழவேற்காட்டில் கைருன் பீவியின் கிடங்கில் அறை கேட்டு வருகிறவர்களிடம், என்ன பொருள் வைக்கப்போகிறீர்கள் என்று செல்வம்மாள் முதலில் கேட்பதில்லை. எத்தனை நாள் என்றுதான் கேட்பாள். பதில் வந்த பிறகும் பூட்டைத் தொடாமல் நின்று, முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கேட்பாள்.

"நெஜமா எத்தினி நாளு?"

1985 வாக்கில் இது ஊருக்குள் ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. பொன்னேரி பஸ்ஸில் ஏறுகிறவன் சாயங்காலம் வந்துவிடுவேன் என்றால், டீக்கடையில் நிற்கிறவன், "நெஜமா எத்தினி நாளு?" என்று கத்துவான். செல்வம்மாள் காதில் விழுந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். பதினொரு வருடத்துக்கு முன் அவளும் அதே கிடங்கு வாசலில் அறை கேட்டு நின்றவள்தான். அன்று இரண்டாவது தடவை கேட்க அங்கே ஆள் இல்லை.

1974 ஆடியில் அவள் கணவன் பச்சைமுத்து ரத்தமாக இருமினான். அவர்கள் ஊரான பசியாவரம், பழவேற்காடு ஏரி நடுவில் இருக்கும் தீவு. படகில் கரை சேர்த்து, பஸ்ஸில் பொன்னேரி போய், ரயிலில் பட்டணம் கொண்டுபோய் டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. ஒரு வருடம் படுத்திருக்க வேண்டும், ஊசியும் மாத்திரையும் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது, அப்படி இருந்தால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார். பச்சைமுத்துவுக்கு ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்க எதுவும் இல்லை.

"சீட்டு எப்போ?"

"தையிலதான். எப்பவும் போல."

"வலை இருந்தா பேர் இருக்கும். பாத்துக்கினு இரு."

"நீ மொதல்ல மூச்ச ஒழுங்கா வுடு."

"வலைய வுட்டுட்டு மூச்ச வச்சிக்கினு இன்னா பண்றது?"

அவன் கேட்டது பாடு சீட்டைப் பற்றி. ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை போட முடியாது. எந்த இடம், எந்த நாள் யாருக்கு என்பதற்கு முறை உண்டு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தை மாதம் ஊர் கூடி, பேர் எழுதிய சீட்டுகளைப் பானையில் போட்டு எடுப்பார்கள். பானையில் பேர் விழ வேண்டுமானால் அன்று காலையில் அவன் வீட்டு வலை மணலில் விரிந்து கிடக்க வேண்டும். ஊர்த் தலைவர் அதன் ஓரமாக நடந்து பார்ப்பார். அறுபது பாகம் குறையக்கூடாது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் சரி, வலை இருந்தால் போதும். வலை இல்லாவிட்டால் பேர் போகும். போன பேரைத் திரும்பச் சேர்க்க ஒரு இடம் காலியாக வேண்டும். காலியாகும் இடமெல்லாம் புதிதாகக் கல்யாணம் ஆன பையன்களுக்கே போய்விடும்.

பச்சைமுத்துவின் வலை பஞ்சு நூல் வலை. நைலான் அப்போது ஊரில் நாலைந்து வீட்டுக்குத்தான் வந்திருந்தது. வலைகளெல்லாம் தீவின் மேட்டுப் பக்கம், பொதுக் கொட்டகையில் மூங்கிலில் தொங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து செல்வம்மாள் திரும்பி வந்தபோது அவர்கள் வலை மட்டும் கொட்டகைக்கு வெளியே மணலில் கிடந்தது. எடுத்துப் போட்டவன் யாரோ அல்ல, பச்சைமுத்துவின் அண்ணன் தெய்வசிகாமணி.

"இன்னா மாமா இது?"

"அவன் துப்பின கையால புட்ச்ச வலை. நாங்க புள்ள குட்டிக்காரங்க."

"நூலு இருமுமா மாமா?"

"வாய் பேசாத. ஆஸ்பத்திரில அவனுக்குத் தனியா கட்டில் குடுத்துக்கீறாங்க இல்ல? வலைக்கும் தனியா ஒரு ரூம்பு பாரு போ."

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். செல்வம்மாளுக்கு அந்தக் கேலியில்தான் வழி கிடைத்தது. அவள் குடிசையில் வைக்க வழியில்லை. ஐப்பசியில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறும். பழவேற்காட்டில் கைருன் பீவி அறைகளை வாடகைக்கு விடுகிறாள் என்று கருவாட்டு வியாபாரிகள் சொல்லிக் கேட்டிருந்தாள். மறுநாளே வலையைப் படகில் ஏற்றினாள்.

கைருன் பீவிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அவள் புகுந்த வீட்டார் ஒரு காலத்தில் கப்பலுக்குத் துணி அனுப்பியவர்கள். கப்பல் நின்று தலைமுறைகள் ஆகியும் கிடங்கு நின்றது. கணவன் இறந்த பிறகு அதை ஏழு அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டுப் பிழைத்தாள். பொருளைப் பார்த்ததுமே அறை சொல்லிவிடுவாள். கட்டிலை நிமிர்த்தி வை, பீரோவுக்கு முதுகுப் பக்கம் ஒரு கை விடு, கருவாட்டு மூட்டை சுவரில் படக்கூடாது, எந்தப் பொருளானாலும் சுற்றி வர ஒரு ஆளுக்கு இடம் வேண்டும். இதைப் பாடம் மாதிரி ஒப்பிப்பாள். வாடகை மாதம் ஒரு படி காய்ந்த இறால் என்றாலும் வாங்கிக்கொள்வாள்.

அன்று இரண்டு அறைகள் காலியாக இருந்தன. ஒன்று படிக்குப் பக்கத்தில், முன்பு விளக்கெண்ணெய் வைத்திருந்த சின்ன அறை. இன்னொன்று பின்பக்கம், ஏரியைப் பார்த்து ஜன்னல் வைத்த பெரிய அறை. உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். மற்ற அறைகளில் மூட்டை வைக்க இடமில்லாமல் இருக்க, அது மட்டும் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று செல்வம்மாள் ஒரு நிமிடம் யோசித்தாள். கேட்கவில்லை.

"வலையா? எத்தினி நாளைக்கும்மா?" என்றாள் கைருன் பீவி.

செல்வம்மாள் வழியிலேயே பதிலைத் தயார் செய்துவிட்டாள். டி.பி. என்று சொன்னால் சொந்த அண்ணனே வெளியே எறிகிறான், முன்பின் தெரியாத பீவி கதவைத் திறப்பாளா?

"ரெண்டு மாசம், பீவிம்மா. ஊட்டுக்காரரு தூத்துக்குடி பக்கம் வேலைக்குப் போயிருக்காரு. ஐப்பசி பொறக்கறதுக்குள்ள வந்துடுவாரு."

"ரெண்டு மாசம்னா சின்னது போதும். வாரத்துக்கு ஒருவாட்டி வந்து பொரட்டிப் போட்டுடு. அதுக்கு மேலன்னா சொல்லு, அந்தப் பெரிய ரூம்புல தொங்கவுடணும். பஞ்சு வலை மூச்சு வுடற பொருளு."

"ரெண்டு மாசம்தான்."

சின்ன அறை என்றதும் அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. தீவுக்காரர்கள் எதையும் படகை வைத்துத்தான் அளப்பார்கள். கல்யாணச் சீர் அரைப் படகு, குடிசை பிரித்த ஓலை ஒரு படகு. வலை என்றால் படகின் பின்பக்கம் நாலு பேர் உட்காரும் இடம். அந்த அறையும் நாலு பேர் உட்காரும் இடம்தான். வலையை மடித்து மடித்து ஏற்றினாள். கூரைக்கு ஒரு சாண் விட்டுக் கதவு சரியாக மூடியது. அளவாக அமைந்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. படகில் வலை ஒரு நாளுக்கு மேல் மடிந்து கிடந்ததே இல்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. வலையை ஏரித் தண்ணீரில் அலசித்தான் கொண்டுவந்திருந்தாள். தீவில் குடிக்கவே நல்ல தண்ணீர் கிடையாது. உப்பு நூலிலேயே இருந்தது; மழைக்காற்றில் உப்பு ஈரத்தை இழுக்கும்.

முதல் மாதம் நாலு தடவை வந்தாள். வலையை வாசல் முற்றத்தில் இழுத்துப் போட்டு, புரட்டி, திரும்ப ஏற்றினாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற வாரம் இங்கே வர முடியவில்லை. சேற்றில் கைவிட்டு இறால் தடவித்தான் அவளுக்குச் சாப்பாடு. ஒரு பயணத்துக்கு இரண்டு நாள் பட்டினி. ஐப்பசி பிறந்ததும் கைருன் பீவி கேட்டாள்.

"ஊட்டுக்காரரு வர்லியா?"

"அடுத்த மாசம்னு கடுதாசி போட்டுக்கீறாரு."

கார்த்திகையில் காற்றும் மழையும் பிடித்தது. இருபத்து மூன்று நாள் தீவிலிருந்து படகு விடவில்லை. மழை விட்டு அவள் வந்து சேர்ந்தபோது முற்றம் முழுக்கத் தண்ணீர் தேங்கியிருந்தது. வலையைப் புரட்ட வேண்டுமானால் வெளியே எடுக்க வேண்டும். எடுத்துப் போட ஈரமில்லாத இடமில்லை. அறைக்குள்ளேயே புரட்டலாம் என்றால் ஒரு ஆள் நிற்கவும் இடமில்லை. மேல் மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு ரயிலுக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் பச்சைமுத்து கொஞ்சம் சதை பிடித்திருந்தான். "வலை எப்டி கீது?" என்றான்.

"நல்லா கீது. பெரிய மச்சு ஊட்ல கீது. உன்னவிட வசதியா கீது."

அவன் சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரனிடமும் அதைச் சொன்னான்.

தை பிறந்து, சீட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது செல்வம்மாள் வலையை எடுக்க வந்தாள். கைருன் பீவியும் கை கொடுக்க வந்தாள். மேலே இருந்த மடிப்புகள் நன்றாகவே வந்தன. கையை உள்ளே விட்டதும் சூடு தெரிந்தது. ஈரமும் சூடும் சேர்ந்து, புளித்த மாவு மாதிரி ஒரு நாற்றம். பிடித்து இழுத்தபோது ஒரு பிடி நூல் மட்டும் கையோடு வந்தது. இன்னொரு இடத்தில் பிடித்தாள். அங்கேயும் அப்படியே வந்தது.

கைருன் பீவி அந்த நூலை வாங்கி விரலில் நசுக்கிப் பார்த்தாள். "ரெண்டு மாசம்னியேம்மா. அஞ்சு மாசம் ஆச்சே."

செல்வம்மாள் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தம், ஆஸ்பத்திரி, கொட்டகை, அண்ணன். கைருன் பீவி கையிலிருந்த நூலைப் படியில் வைத்தாள். பிறகு பின்பக்கம் கை காட்டினாள்.

"அந்தப் பெரிய ரூம்பு ஏன் சும்மா கெடக்குதுன்னு நெனச்ச? எங்க ஊட்டுக்காரரு அதுலதான் ரெண்டு வருசம் இருமிக்கினு கெடந்தாரு. ஊர்ல ஒருத்தனும் அதுல ஒரு மூட்டை வைக்க மாட்டான். நீ வாயத் தொறந்து சொல்லியிருந்தா, வாடகைகூட வாங்கியிருக்க மாட்டேனே."

"நீங்களும் சொல்லலியே, பீவிம்மா."

"சொன்னா நீ சின்ன ரூம்பையும் எடுத்திருக்க மாட்டியேம்மா."

இரண்டு பெண்களும் சேர்ந்து நல்ல நூலையும் கெட்ட நூலையும் வெட்டிப் பிரித்தார்கள். நல்லதாகத் தேறியது பதினாலு பாகம். மீதியைக் கிடங்குக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள். எரித்தால் ஊர் கேட்கும் என்று கைருன் பீவி சொன்னாள்.

சீட்டு நாள் காலையில் மற்ற வலைகளோடு அந்தப் பதினாலு பாகத்தையும் செல்வம்மாள் மணலில் விரித்தாள். விரிக்காமலேயே இருந்திருக்கலாம் என்று பின்னால் பலர் சொன்னார்கள். விரித்துவிட்டு அதன் தலைப்பில் நின்றாள். தலைவர் தசரதன் நடந்து வந்தார். பத்து எட்டு, இருபது எட்டு, முப்பத்து மூன்று எட்டு. அதற்கு மேல் வெறும் மணல்.

"இது வலையா, தலைல கட்ற துண்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. தெய்வசிகாமணி தன் வலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான்.

"ஆள் சாவல, தலைவரே," என்றாள் செல்வம்மாள். "ஆடிக்கு வந்துடும். டாக்டரு சொல்லிட்டாரு."

"செத்திருந்தா ஒரு வருசம் பேர வச்சிருப்போம்மா. அது ஊர்க் கட்டு. உசுரோட கீறவனுக்கு வலைதான் வேணும். நான் இன்னா பண்ண?"

பானையில் கைவிட்டு, பச்சைமுத்து என்று எழுதிய சீட்டைத் தேடி எடுத்து வெளியே வைத்தார். கிழிக்கப்போனவரிடம் செல்வம்மாள் கை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்தப் பாடு வுயுந்துச்சி?" என்றான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சீட்டை அவன் கையில் வைத்தாள். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. சூடு, நாற்றம், குழி, பதினாலு பாகம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒன்று மட்டும் கேட்டான்.

"எவ்ளோ பெரிய ரூம்பு எடுத்த?"

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். முழுசாக விரியவில்லை.

"பக்கத்துல பெருசு காலியா இருந்துச்சா?"

"இருந்துச்சி."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை திரும்பவில்லை.

ஆடியில் அவன் குணமாகி வந்தான். டாக்டர் சொன்னபடி ஒரு நாளும் மாத்திரை தவறவில்லை. உடம்பில் நோய் இல்லை என்று எழுதிய காகிதத்தையும் கொண்டுவந்தான். தீவில் அதைப் படித்துக் கேட்க ஆள் இல்லை. தோள் பலமாக இருந்தது, தண்ணீரைப் பார்த்தே மீன் இருக்கும் இடம் சொன்னான், ஆனால் அவன் பேரில் ஏரியில் ஒரு நாள்கூட இல்லை. அடுத்தவர் படகில் கூலிக்கு வலை இழுத்தான். படகில் அவனுக்கு மட்டும் தனிக் குவளை. பேரைச் சேர்க்கச் சொல்லி மூன்று தடவை ஊர்க்கூட்டத்தில் கேட்டான். மூன்று தடவையும் புது மாப்பிள்ளைகள் இருந்தார்கள்.

செல்வம்மாளைக் கைருன் பீவி சாவி பார்க்க வைத்துக்கொண்டாள். பெரிய அறையைச் சுண்ணாம்பு அடித்துத் திறந்தார்கள். வெளியூர் வலைகளை அதில் தொங்கவிட்டார்கள்.

தை மாதம் சீட்டு நாளன்று பச்சைமுத்து தீவில் இருப்பதில்லை. விடிந்ததும் படகு பிடித்துப் பழவேற்காட்டுக்கு வந்துவிடுவான். பெரிய அறைக்குள் போய், யார் யாருடையதோ வலைகளை ஒவ்வொன்றாக இறக்கி, விரித்து, வேறு கொக்கிக்கு மாற்றித் தொங்கவிடுவான். நைலான் வலை மக்காது, மாற்றத் தேவையில்லை. அதையும் மாற்றுவான். மத்தியானம் தீவிலிருந்து முதல் படகு வரும். எந்தப் பாடு யாருக்கு விழுந்தது என்று கரையில் போய்க் கேட்டுவிட்டுச் செல்வம்மாள் திரும்பி வருவாள். அவன் கேட்கமாட்டான். அவளும் சொல்லமாட்டாள்.