கண்வலிக் கிழங்கு என்று ஏன் சொன்னேன்

நம் மாநிலப் பூவான செங்காந்தளைச் செடியில் பார்த்ததே இல்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வேலூரிலிருந்து காலை 7.10 பேருந்தில் கிளம்பினேன். 8.30க்கு ஆம்பூர். மலையடிவாரம் வரை 9 கிலோமீட்டர். போய்வர 500 ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன்.

ஓட்டுநர் சேகர். அவர் மனைவி அமலாவுக்கு ஷூ கம்பெனியில் பசை தடவி ஒட்டும் வேலை. என் வாய்தான் சும்மா இருக்காதே! கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ, கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்றும் பெயர் உண்டு என்று அடுக்கினேன். கடைசிப் பெயருக்குக் காரணம் சொல்வதற்குள் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. சேகர் இறங்கிப்போய் யாரிடமோ போனில் பேசினார்.

இரண்டு மணி நேரம் நானும் சேகரும் புதரில் அலைந்ததில் கிடைத்தது ஒரே ஒரு கொடி. மூன்று பூக்கள், அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. படம் எடுத்துவிட்டு, ஆட்டோவிலிருந்து தண்ணீர் எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தால் சேகர் ஸ்பானரால் தோண்டி, கிழங்கைக் கையில் வைத்திருக்கிறார்.

"எங்க வூட்ல கண்ணு எரிச்சல் ஜாஸ்தி சார். அரைச்சு ரெண்டு சொட்டு வுடலாம்னு."

கொடிய விஷம், உள்ளே போனால் உயிரையே எடுத்துவிடும் என்று கத்தினேன். அவர் நம்பவில்லை.

"தலைவலி மாத்திரைன்னா தலைவலிக்குத்தானே சார்?"

உற்றுப் பார்த்தாலே கண் வலிக்கும் என்று சொல்வார்கள், அதனால் வந்த பெயர் என்றேன். குடிதண்ணீர் முழுவதையும் ஊற்றி அவர் கையைக் கழுவவைத்தேன். கிழங்கைத் திரும்பப் புதைத்தோம். கொடி துவண்டுவிட்டது.

ரயில்வே கேட்டில் அவர் பேசியது அமலாவிடம்தானாம்; கண்ணுக்கு மருந்து கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டாராம். நேராகக் கம்பெனிக்கு விட்டோம். சாப்பாட்டு நேரத்தில் அமலா வெளியே வந்தார். பின்னால் இன்னும் நான்கு பெண்கள், எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது.

"லைன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கிழங்கு எங்க?"

ஐந்து பேருக்கும் புரியும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன்.

போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகை சரியான காலம். இடத்தைச் சொல்ல மாட்டேன். பூவின் பெயரைச் சொன்னால் காரணத்தையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

கண் டாக்டரைப் பாருங்கள் என்றும் அந்தப் பெண்களிடம் சொன்னேன். லீவு கிடைக்காது என்றார்கள். நான் பூப் பார்க்க லீவு போட்டுவிட்டு வந்தவன்.