சின்னவன் செத்துட்டான்

தம்பி கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை. விமான நிலையத்துக்கு அம்மா வரவில்லை. "நீ சொன்னேன்னுதான் அனுப்புறேன். அவனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, உன்னைத்தான் கேப்பேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்காதான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவனை வழியனுப்பினாள். 'உள்ளே போயிட்டான்' என்று அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, அழுத முகத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள்.

அங்கே அவளுக்கு ஃபிலிம்காரி என்று பெயர். சர்க்கரையை அளக்கும் சென்சாரின் நுனியில் ஒட்டுகிற மெல்லிய படலம் அவள் கைவேலை. பாலிமர் தூளைத் தண்ணீரில் போட்டுக் கஞ்சிப் பதம் வரும்வரை சூடாக்கிக் கிளற வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் சர்க்கரையோடு வினைபுரியும் என்சைமைச் சேர்க்கலாம். அவசரப்பட்டால் அது வெந்து வீணாகும். பிறகு கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்து, உரித்து வெட்டி, சர்க்கரைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்கள். மீட்டரில் எண் ஏறினால் 'உயிர் இருக்கு'. ஏறாவிட்டால் 'செத்துட்டான்'. தடித்த படலம் பெரியவன், மெல்லியது சின்னவன். பல வருஷமாக அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அன்று அவள் நினைப்பெல்லாம் ஆகாயத்தில். ஆறுவதற்கு முன்பே சின்னவனில் என்சைமை ஊற்றிவிட்டாள். கரைசல் திரிந்து வெளுத்தது. அடுத்த அறையில் சோதனை பார்ப்பவரை எல்லோரும் மீட்டர் என்பார்கள். அவர் வீணாகக் காத்திருப்பாரே என்று ஃபோனை எடுத்துத் தட்டினாள்: "சின்னவன் செத்துட்டான். சூடு தாங்கலை. என் தப்புதான்."

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனால், மீட்டர் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா சின்னவன்? மேளம் வச்சு அழைச்சாத்தான் வருவானா?"

"மெசேஜ் பார்க்கலையாண்ணா?"

"எனக்கு எதுவும் வரலையே."

ஃபோனைத் திறந்தாள். 'உள்ளே போயிட்டான்' என்ற வரிக்கு நேர் கீழே அது இருந்தது. அம்மா படித்துவிட்டதற்கான அடையாளமும் இருந்தது. தம்பியை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வீட்டில் அவன் சின்னவன்.

உடனே அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்ததே தவிர அம்மா எடுக்கவில்லை.

வீட்டுக்கு ஓடினால், அம்மா சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். பக்கத்து வீட்டு அக்கா தோளைப் பிடித்திருந்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது.

"அம்மா, அது தம்பி இல்லம்மா. ஃபிலிம். அதைத்தான் நாங்க சின்னவன்னு சொல்வோம்."

"கதை விடாத."

"சத்தியமா. மருந்து சூட்டுல கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

"மருந்துக்கு யாருடி சின்னவன்னு பேர் வைப்பா?"

"அந்தப் பிள்ளைக்கே ஒரு ஃபோனைப் போட்டுக் குடேன்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

எங்கே போடுவது? அவன் பறந்துகொண்டிருந்தான். அவன் இறங்கும்வரை, அவன் உயிரோடு இருப்பதற்கு இவள் வாய்ச்சொல்தான் சாட்சி. மீட்டர் ஃபோனில் வந்து தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். "எல்லாரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள் அம்மா.

இருட்டிய பிறகு அவன் கூப்பிட்டான். "என்னம்மா, சாப்பிட்டியா?"

அம்மா அவன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனை மகளிடம் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல்.

அதற்கப்புறமும் பார்க்கவில்லை. சில நாளில் பெரியம்மா வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். மன்னிப்புக் கேட்டால், "அதான் முடிஞ்சுபோச்சே" என்பாள். ஆய்வுக்கூடத்தில் பெரியவனும் சின்னவனும் போய், தடிசு, மெலிசு என்றானது. பழக்கதோஷத்தில் யாராவது பழைய பெயரைச் சொன்னால், ஃபிலிம்காரி கையிலிருப்பதை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நிற்பாள்.

ஒன்றரை வருஷம் கழித்து அம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அன்னிக்கு அதைப் படிச்சதும் எனக்கு முதல்ல அவன் நினைப்பு வரலை. ஐயோ, இதை எழுத இவ கை எப்படி நடுங்கியிருக்கும்னுதான் தோணுச்சு. ஒரு பிள்ளை போயிட்டான்னு சேதி வந்திருக்கு, நான் உன்னை நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பெத்தவ நினைக்கிற நினைப்பா அது? அதான் உன் மூஞ்சியைப் பார்க்க முடியலை. கோபமெல்லாம் இல்லைடி."